ஒரு ஆளுக்கு அடுப்பு மூட்டுவது

"எனக்கு ஒருத்திக்கு என்னத்த ஆக்குறது?" என்று சொல்லாத பாட்டிமார் நம்ம லயங்களில் குறைவு. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் இருக்கிறவர் காலையில் ரொட்டித் துண்டும் சாயத்தண்ணியும், ராத்திரியும் அதையே சாப்பிட்டுவிட்டுப் படுத்து விடுகிறார். தலைச்சுற்று, கை கால் சோர்வு என்று டிஸ்பென்சரிக்குப் போனால், "ரத்தம் குறைவு" என்கிறார்கள். வயசு மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ஒழுங்காகச் சாப்பிடாததும் ஒரு காரணம்.

தனி ஆளுக்குத் தோதான சாப்பாடு ஒன்று வன்னிப் பக்கம் இருக்கிறது. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன சனம் அநேகம். அந்தப் பக்கம் மாமனோ சித்தியோ இருக்கிற குடும்பங்கள் நம்மில் உண்டு. அங்கே மாங்குளத்திலிருந்து மேற்கே வெள்ளாங்குளம் போகிற ரோட்டில் இருக்கிற ஊர் மல்லாவி. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி வந்த சனத்துக்கு இடம் கொடுத்த ஊர் அது. 2008இல் அந்த ஊர்ச் சனமே ஓட வேண்டி வந்தது. 2009இல் யுத்தம் முடிந்து திரும்பி வரும்போது, குடும்பமாகப் போனவர்களில் சிலர் ஒற்றை ஆளாகத்தான் வந்தார்கள். கையில் இருந்தது நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. ஆனாலும் தனி ஆள் பசியாறப் பழைய வழி ஒன்று அங்கே இருந்தது. அதுதான் புட்டு.

ஒரு பிடி அரிசியைப் பெரிய பானையில் போட்டால் அடிப்பிடிக்கும், குழையும். புட்டு அப்படி இல்லை. ஒரு பிடி மாவென்றாலும் அவியும். அங்கே இதை அவிக்க, பனை ஓலையில் கூம்பு மாதிரிப் பின்னிய நீத்துப்பெட்டி வைத்திருப்பார்கள். நம்மிடம் அது இல்லாவிட்டால் பரவாயில்லை. சின்னப் பானையில் அரைவாசி தண்ணீர் விட்டு, வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டினால் போதும்.

கோதுமை மா என்றால் முதலில் துணியில் முடிந்து ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டி உடைத்து அரித்துக்கொள்ள வேண்டும். ஆறிய பிறகு டின்னில் போட்டு மூடி வைத்தால் பல நாளைக்கு உதவும். (மழைக்காலத்தில் நம்ம பக்கம் ஈரம் கூட. அதனால் கொஞ்சமாக அவித்து வைப்பதுதான் நல்லது.) அரிசி மா என்றால் வறுத்தது வேண்டும். குரக்கன் மா கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

ஒரு ஆளுக்கு அரைச் சுண்டு மாவு தாராளம். உப்புப் போட்டு, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறுங்க. கை வைத்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் ரொட்டி மாவு ஆகிவிடும். பிறகு சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்துங்க. சின்னச் சின்ன உருண்டையாக உதிரும். இதோடு ஒரு பிடி முருங்கை இலை, வெட்டின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டி, துணியின் மேல் வைத்து மூடிப் பத்து நிமிஷம் அவித்தால் கீரைப்புட்டு. மாவும் கறியும் ஒரே சட்டியில் முடிந்தது. மேட்டுத் தோட்டங்களில் முருங்கை வராது. பொன்னாங்காணியோ வல்லாரையோ பொடியாக அரிந்து போடலாம். வறுத்த நெத்தலி நாலைந்தைப் பிய்த்துப் போட்டால் ருசியே வேறு.

தொட்டுக்கொள்ளச் சொதி. வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தண்ணீரில் கொதிக்கட்டும். கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வரும் முன் இறக்கணும், விட்டால் திரிந்து போகும். இறக்கின பிறகுதான் தேசிக்காய். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். அதே இரும்பைச் சேர விடாமல் தடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி. நாம் கொழுந்து பறிக்கிற தேயிலைதான், குற்றம் சொல்ல மனசு வராது. ஆனாலும் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிங்க.

தனி ஆளுக்கு மிஞ்சிப் போகிறது தேங்காய்தான். ஒரு பாதியைப் பாலுக்கு எடுத்தால், மற்றப் பாதியின் வெட்டு முகத்தில் உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்து, அடுத்த நாளே சம்பலுக்கு எடுத்துவிடுங்க.

வேலையாக மல்லாவிப் பக்கம் போய் அறை எடுத்துத் தங்கும் நம்ம பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லணும். இங்கே குளிரில் ராத்திரி வரை தாங்கும் பால்கறி அங்கே வெயிலில் மத்தியானத்துக்கே புளித்துவிடும். ஒரு நேரத்துக்கு மட்டும் பால் விடுங்க. ராத்திரிச் சோறு மிஞ்சினால் ஆறின உடனே தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, விடிந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், தயிரோடு கரைத்துக் குடித்துவிடுங்க. வெயில் ஏறும் வரை வைத்திருக்க வேண்டாம்.