படிக்கட்டின் கீழ் ஒரு வானொலி

என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் இன்று செம்பனைக் காடு. லயங்கள் போய்விட்டன, மாதா கோயில் மட்டும் நிற்கிறது. ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அங்கேதான். எனக்கு அது பெரட்டுக் களத்துச் சொல்லாகவே பட்டது. கிராணி பேர் கூப்பிட்டால் நிற்க வேண்டும், துரை கார் வந்தால் ஒதுங்க வேண்டும். கடவுளையும் இன்னொரு பெரிய துரையாகத்தான் பல வருடம் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் சிபில் கார்த்திகேசு.

1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியப் பெண். தாதி, மருத்துவச்சி. ஊறிப்போன கத்தோலிக்கர். தமிழரான டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவை மணந்து, ஈப்போ புரூஸ்டர் சாலையில் (இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா) கிளினிக் நடத்தினார். ஜப்பானியர் வந்ததும் குடும்பம் பாப்பானுக்குப் போனது. பூசிங் பக்கம் உள்ள பழைய ஈயச் சுரங்க ஊர் அது. அங்கே 74ஆம் எண் வீட்டின் பின்வாசல் வழியாக, காட்டிலிருந்து இரவில் வந்த காயம்பட்ட கெரில்லாக்களுக்கு மருந்து போட்டார். படிக்கட்டின் கீழ் ஒரு வானொலியை ஒளித்து வைத்து பி.பி.சி. செய்தி கேட்டார். அந்த நாளில் இரண்டுமே உயிரைப் பறிக்கும் குற்றங்கள்.

அதிகாரத்துக்கு அடங்கி நடக்கும்படி ரோமருக்கு எழுதினார் பவுல். மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னார் பேதுரு. இரண்டும் ஒரே விவிலியத்தில்தான் இருக்கின்றன. எந்த நேரத்தில் எது என்று சிபில் எப்படித் தேர்ந்தார்? எனக்குத் தெரிந்தவரை, அவர் எல்லையை மீறவில்லை. ஆணை போட்டவன் வரைந்த கோடு ஓர் இடத்தில் இருந்தது, கடவுள் வரைந்த கோடு வேறிடத்தில் இருந்தது. வாசலில் வந்து விழுந்த நோயாளியைத் திருப்பி அனுப்புவதுதான் அவருக்கு எல்லை மீறல்.

1943இல் பிடிபட்டார். கெம்பெத்தாய் அவரது முதுகெலும்பை நொறுக்கியது. சிறுமியாக இருந்த இளைய மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினார்கள். அப்போதும் அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும். பிள்ளையை வைத்தா? நான் தாயாக இருந்தால் சொல்லியிருப்பேன். போர் முடிந்து பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தவர், சிகிச்சைக்காகப் பிரிட்டன் போனார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12இல் அங்கேயே இறந்தார். மறு வருடம் அவர் உடல் ஈப்போவுக்கு வந்தது.

அவர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட வானொலிதான் எனக்குச் சோறு போடுகிறது. சில வருடங்களுக்கு முன், இனிப்புநீர் வியாதியை அடியோடு போக்கும் என்று ஒரு மூலிகைப் பொடிக்கு விளம்பரம் வாசித்தேன். பொய் என்று தெரியும். மேலிடம் கொடுத்த தாள், வாசித்தேன். அதுவும் கீழ்ப்படிதல்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் தோட்டத்து அக்கா ஒருவர் போன் செய்து, “நீங்க சொன்னீங்கன்னுதான் தம்பி மாத்திரையை விட்டுட்டேன்” என்றார்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லி, மறுபடி கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த விளம்பரத்தை வேறொருவர் வாசித்தார். எனக்குக் காலை நிகழ்ச்சி போய் இரவு நிகழ்ச்சி வந்தது. இரவு ஒன்றரைக்கு வீடு திரும்பும் வழியில் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவைக் கடக்கிறேன்.