ஹஜ் பயணமும் கொள்ளை நோயும்

பாய்மரக் கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற முன்னோர் பட்ட இன்னல்களைக் கேட்டிருப்பீர்கள். அவ்வின்னலுக்குள் ஒரு பாதுகாப்பும் மறைந்திருந்தது. மக்காவிலிருந்து டமாஸ்கஸ் சென்றடைய ஒட்டகக் கூட்டத்துக்கு ஏறத்தாழ நாற்பது நாள்கள் பிடித்தன. வழியில் வாந்திபேதி தோன்றினால், நோயுற்றவர் ஊர் சேருமுன் குணமடைவார். அல்லது இறையடி சேர்வார். நோயும் பெரும்பாலும் பாலைவெளியிலேயே அடங்கிவிடும்.

நீராவிக் கப்பல் வந்தது. வருடத்தில் ஒரு சிலர்க்கே வாய்த்த பயணம் ஏழை எளியோர்க்கும் எட்டியது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் இடையே நின்ற அந்த நாற்பது நாள்கள் போய்விட்டன.

1865ஆம் ஆண்டு மே மாதம், ஹஜ் காலத்தில், மக்காவில் காலரா வெடித்தது. கூடியிருந்த ஏறத்தாழ 90,000 ஹாஜிகளில் 15,000 பேர் மாண்டனர் என்பது அக்கால மதிப்பீடு. எஞ்சியோர் ஜித்தாவில் கப்பலேறிச் சில நாள்களில் சூயஸ் அடைந்தனர்; அங்கிருந்து இரயில் அவர்களை அலெக்சாந்திரியாவில் சேர்த்தது. எகிப்தில் மட்டும் அறுபதாயிரம் உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டிலேயே இஸ்தான்புல்லும் மார்ஸேல்ஸும் நோயின் வாய்ப்பட்டன; ஆண்டு முடியுமுன் நியூயார்க் துறைமுகத்துக்கு வந்த கப்பலிலும் காலரா இருந்தது.

உலக நாடுகள் 1866இல் இஸ்தான்புல்லில் கூடி ஆராய்ந்தன. 1882இல் செங்கடலின் கமரான் தீவில் உதுமானிய அரசு தடுப்பு முகாம் அமைத்தது. பழியெல்லாம் ஹாஜிகள் மீதே பெரிதும் விழுந்தது. அளவுக்கு மீறி ஆட்களை அடைத்து இலாபம் கண்ட கப்பல்காரர்களுக்கும் அதில் பங்குண்டு என்பதே என் எண்ணம்.

எனினும், தடுத்து நிறுத்தும் முறை நமக்கு அந்நியமானதா? கொள்ளை நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர். அவ்வூரில் இருப்போர் வெளியேறாதீர் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஷாம் நாட்டில் நோய் பரவியதறிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்ற வினாவுக்கு, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் மறுமொழி தந்தார்கள்.

இந்தியாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் 1995இல் நின்றது. இன்று விமானம் ஒரு பகலுக்குள் வீடு சேர்க்கிறது. உடலில் புகுந்த கிருமி நோயாக வெளிப்படுமுன்னரே ஹாஜி நம் வாசலில் நிற்கிறார். முஸாபஹா செய்கிறோம், ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் பெறுகிறோம், குழந்தைகளை உச்சி முகரத் தருகிறோம்.

1987இல் ஹஜ்ஜிலிருந்து மூளைக்காய்ச்சல் பல நாடுகளுக்குப் பரவியது. 2000இல் மீண்டும் வந்தபோது, பிரிட்டனிலும் பிரான்சிலும் ஹஜ்ஜுக்கே செல்லாத குடும்பத்தாரும் நோயுற்றனர். தொண்டையில் கிருமியைச் சுமந்தவர் நலமாகவே இருப்பார், அருகிலிருப்பவரே வீழ்வார். நான்கு வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசியை அதன் பின்னரே சவூதி அரசு கட்டாயமாக்கியது.

ஊசியின்றிச் சான்றிதழ் மட்டும் கிடைக்குமா என வினவுவோர் நம்மிடையே உண்டு. சென்று சேர்வதற்குப் பத்து நாள்களுக்கு முன்னரேனும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அத்தனை நாள்கள் வேண்டும். புறப்படும் நாளன்று போட்டுக்கொண்ட ஊசி மினாவின் நெரிசலில் துணைக்கு வராது.