விரலில்லாத விசை

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்று கேட்டனர் நம் முன்னோர். எய்தவன் வீட்டில் உறங்க, அம்பு மட்டும் காட்டிலே காத்திருக்குமாயின் யாரை நோவது? இக்கேள்விக்கு இடந்தரும் கருவியொன்று நம் நாட்டில் இன்றும் உண்டு. அதற்குக் கட்டுத்துவக்கு என்று பெயர்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலே, கிழக்கே கடலும் தெற்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறும் சூழ அமைந்தது ஈச்சிலம்பற்று. வயலும் சேனையும் கடற்றொழிலும் அம்மக்களின் வாழ்வு. 2006 ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டுவந்து மண்ணைத் திருத்தியவர்கள் அவர்கள். இத்தகைய காட்டோர ஊர்களில் உழவனுக்குப் பெரும் பகை காட்டுப்பன்றி. நான்கு மாத உழைப்பை ஓர் இரவிலே ஒரு கூட்டம் கிளறிப் போட்டுவிடும். விடியலில் சோளம் சாய்ந்து கிடப்பதைக் கண்டவனுடைய நெஞ்சின் கொதிப்பை, நகரத்திலிருந்து எழுதும் நாம் இலேசாக எண்ணலாகாது.

அக்கொதிப்பே இலங்கையின் காட்டோரக் கிராமங்கள் பலவற்றில் கட்டுத்துவக்கைப் பிறப்பித்தது. உரிமமின்றி மறைவாகச் செய்யப்படும் முரட்டுத் துவக்கு அது. மரத்தோடு பிணைக்கப்பட்டுப் பன்றி வரும் தடத்தை நோக்கியிருக்கும். தடத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கயிறு. அதில் எது இடறினாலும் வெடி தீரும்.

துவக்கில் விசை செய்யும் வேலை யாது? வில்லின் அழுத்தத்தால் பாயத் துடிக்கும் குதிரையை ஒரு சிறு படி தடுத்து நிற்கிறது. விசையை இழுத்ததும் அப்படி விலகுகிறது, குதிரை பாய்கிறது, மருந்து தீப்பற்றுகிறது. அச்சிறு படியில்தான் சுடுவோன் உயிரும் தங்கியிருக்கிறது. ஆகவே தேர்ந்த கம்மியர் அதற்கு நல்ல உருக்கைத் தேர்ந்து, பதமிட்டு, அளவாக அரைத்தனர். 16 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் துவக்குடன் வந்தபின், இத்தீவின் கம்மியர் அக்கலையை விரைவிற் கற்றுத் தேர்ந்தனர். பொறியை இடப்புறத்தில் அமைத்த பழைய சிங்களத் துவக்குகள் அவர்தம் கைத்திறனுக்குச் சான்று.

மறைவிலே அவசரமாகச் செய்யப்படும் துவக்கில் இப்பதமும் அளவும் இரா. மென்மையான இரும்பு தேயும். மழையில் வில் துருவேறும். இழுத்தாலும் வெடியாமல் ஏமாற்றும். சிறிது அதிர்ந்தாலும் வெடித்துச் செய்தவன் கையையே சிதைக்கும். இவற்றைச் சீர்செய்து விடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். பழுதுகள் அனைத்தையும் நீக்கினாலும் ஒரு பழுது நீங்காது. அதன் விசையின் பின்னே விரலில்லை. விரலின் பின்னே கண்ணில்லை. கண்ணின் பின்னே மனமில்லை. பன்றியின் காலுக்கும் விறகு பொறுக்கும் தாயின் காலுக்கும் கயிறு வேற்றுமை அறியாது.

பன்றியின் மார்பை நோக்கிய குழல் வளர்ந்த மனிதனின் முழங்காலளவில் நிற்கும். ஆதலால் காயம் பெரும்பாலும் காலில். சிறுவருக்கோ அதே உயரம் தொடையும் வயிறுமாகும். தேனெடுக்கச் சென்றவரும் மாடு தேடிச் சென்றவரும் காலிழந்திருக்கின்றனர்; குருதி பெருகி உயிர் நீத்தோரும் உளர். வைத்த இடம் மறந்து, வைத்தவரே அதன்வாய்ப் பட்டதும் உண்டு. குண்டுபட்ட யானையோ புண் புரையோடி, நாட்கணக்கில் நொண்டி மடிகிறது.

பிறநாட்டாரும் இப்பாடத்தை உதிரத்தாற் கற்றவரே. 1825 இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அண்மையில் ஒருவர் தம் துலிப் மலர்த் தோட்டத்தைக் காக்க இத்தகைய துவக்கொன்றை வைத்தார். எச்சரிக்கைப் பலகை இல்லை. அயலாரின் மயிற்பேடு தோட்டத்துள் விழ, அதைப் பிடித்துக் கொடுக்கச் சுவரேறிக் குதித்த இளைஞன் காலில் குண்டுபட்டது. 1827 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் மனிதரை ஊறுபடுத்தும் நோக்குடன் இப்பொறியை வைப்பதைக் குற்றமாக்கியது. 1828 இல் நீதிமன்றம் இளைஞனுக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமமின்றித் துவக்குச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். குற்றமாதலால் வைத்தவர் எச்சரிப்பதில்லை. எச்சரியாமையால் ஆபத்து இரட்டிக்கிறது. ஆள்பார்த்து வெடியாத மற்றொரு கொடுங்கருவி கண்ணிவெடி. அதைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. மிதிவெடியைத் துறந்த நாடு கட்டுத்துவக்கையும் துறத்தல் முறையன்றோ?

மாணவர்கள் சிலவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. காட்டுத் தடத்தில் குறுக்கே கயிறோ கம்பியோ கண்டால் தொடவோ அறுக்கவோ வேண்டா. வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் பெரியோரிடமும் கிராம அலுவலரிடமும் கூறுக. பொலிசாருக்கு 119 இல் அறிவிக்கலாம். எவரேனும் காயமுற்றால் குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் விடாது அழுத்திப் பிடித்து, 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைத்திடுக.

உழவர் தம் பயிரை எங்ஙனம் காப்பது? முள்வேலியும் உயிர்வேலியும், தகர ஒலியும், அயலார் முறைவைத்து விழித்திருக்கும் காவற்பரணும் பழைய வழிகள். தனியொருவனுக்குக் கடினம், ஊர் கூடினால் எளிது. பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமத்துடன் துவக்குப் பெறவும் வழியுண்டு. அதன் விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். அத்துவக்கில் விசையைத் தொடும் விரலுக்கு உரியவன் அங்கே நிற்கிறான். எதிரில் வருவது இன்னதென்று பார்க்கிறான். மனிதனெனக் கண்டால் விரலை எடுத்துவிடுகிறான்.

வேலியே பயிரை மேய்வது கண்டு வருந்துகிறோம். காவலே ஊர்ப்பிள்ளையின் காலை மேய்வதற்கு இடங்கொடுக்கலாகாது. பன்றி தின்ற சோளம் அடுத்த மாரியில் மீண்டும் முளைக்கும். இழந்த கால் முளைக்காது.