நாயின் கழுத்துப்பட்டை: எந்தப் பொருள் தோலுக்கு ஏற்றது?

கழுத்தின் தோல்

நாயின் கழுத்துப்பட்டையை, பேச்சு வழக்கில் ‘பெல்ட்’ எனப்படுவதை, வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தையும் விலையையும் பார்த்தே தேர்ந்தெடுக்கின்றனர். அது எதனால் ஆனது என்று கேட்பவர் குறைவு. நாள் முழுதும், பல வீடுகளில் ஆண்டு முழுதும், உடலின் ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருக்கும் பொருள் அந்த விலங்குக்கு அது ஒன்றே என்பதை நினைத்தால், அந்தக் கேள்வி உடல்நலத்தைச் சார்ந்தது என்பது விளங்கும்.

மனிதனின் மேல்தோலில் உயிரணுக்கள் ஏறத்தாழ 10 முதல் 15 வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்க, மயிர் மூடிய இடங்களில் நாயின் மேல்தோல் 3 முதல் 5 வரிசைகளே கொண்டது. அதற்குக் காவலாக இருப்பது மயிர்தான், தோலின் தடிமன் அன்று. மனிதத் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையதாக இருந்து நுண்ணுயிர்களை ஓரளவு தடுக்கிறது. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது என்பதால் அந்தத் தடை அதற்குக் குறைவு. ஆகவே பட்டையின் உராய்வினால் மயிர் தேய்ந்து உதிர்ந்த இடத்தில், மனிதத் தோல் தாங்கிக்கொள்ளக்கூடிய சிறு சிராய்ப்பும் நாய்க்குப் புண்ணாக மாறிவிடும்.

ஈரமே முதல் எதிரி

நாய் உடல் முழுதும் வியர்த்துத் தன் சூட்டைத் தணித்துக்கொள்வதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதே அதன் வழி, வியர்வை சுரப்பதும் பெரும்பாலும் பாதத்தின் அடிப்பகுதியில்தான். அப்படியிருக்கக் கழுத்துப்பட்டை நனைவது எதனால் என்றால், குளியலும் மழையும் தவிர, தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைக்கும் ஒவ்வொரு முறையும் தாடையிலிருந்து வடியும் நீரும் உமிழ்நீருமே காரணம். குளிப்பாட்டிய நாயைத் துண்டால் துவட்டும்போது பட்டையை மட்டும் கழற்றாமல் விட்டுவிடுவது பரவலான வழக்கம். உடல் உலர்ந்த பின்னும் பட்டைக்கு அடியில் உள்ள மயிர் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும்.

சூடும் ஈரமும் சேர்ந்து நீங்காதிருந்தால் தோல் ஊறி மென்மையாகும். ஆரோக்கியமான தோலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்னும் பாக்டீரியாவும், மலசீசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் அங்கே அளவுக்கு மீறிப் பெருகும். சிவந்து, நீர் கசிந்து, மயிர் ஒட்டிக்கொண்டு, நாய் விடாமல் சொறிவதால் சில மணி நேரத்திலேயே பரந்துவிடும் ஈரப்புண் ஒன்று உண்டு. கால்நடை மருத்துவர்கள் அதை ‘ஹாட் ஸ்பாட்’ என்பர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கடற்கரை ஊர்களின் புழுக்கத்திலும் வாழும் நாய்க்கு, பட்டையின் பொருளை மதிப்பிடும் முதல் அளவுகோல் அதன் வலிமையோ மென்மையோ அன்று, அது எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது என்பதே. சோதித்துப் பார்ப்பதும் எளிது: குளிப்பாட்டி மூன்று மணி நேரம் கழித்துப் பட்டையைக் கழற்றி, மடித்த வெள்ளைத் துணியை அதன் உட்புறத்தில் வைத்து அழுத்தினால், துணியில் படியும் ஈரமும் சாயமும் அழுக்கும் அந்தப் பட்டையைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும்.

நைலான்: மலிவும் அதன் விலையும்

சந்தையில் மிகுதியாக விற்பது நைலான் நாடாப் பட்டை. வலுவானது, எடை குறைவானது, துவைக்க எளியது. இழையியலார் ஓர் இழை காற்றிலிருந்து ஈர்த்துக்கொள்ளும் நீரின் அளவை விழுக்காட்டில் கணக்கிடுவர். அதன்படி பருத்தி ஏறத்தாழ 8, நைலான் 4, பாலியெஸ்டர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. எனினும் இந்த எண்கள் இழைக்கு உரியவை; நெய்த நாடாவிலோ நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்துகளிலும் நீர் தங்கிவிடுகிறது என்பதால், தடித்த இரட்டை நைலான் பட்டை தன் இழையின் இயல்புக்கு மேலான ஈரத்தைச் சுமக்கிறது.

நைலானின் மற்றொரு குறை விளிம்பில் இருக்கிறது. நாடாவை வெட்டும்போது நூல் பிரியாதிருக்கச் சூட்டினால் வெட்டுவது வழக்கம். உருகி இறுகிய அந்த முனை கண்ணாடித் துண்டைப் போலக் கடினமாகி, மலிவான பட்டைகளில் உள்பக்கமாகவே திரும்பி நிற்கும். கட்டைவிரலை உட்புறம் முழுதும், குறிப்பாகத் தையல் முடியும் இடத்திலும் கொக்கியின் அடியிலும், மெல்லத் தேய்த்துப் பார்த்தால் அது தட்டுப்படும். விரலுக்கு உறுத்துவது குரல்வளைக்கும் உறுத்தும். அத்தகைய பட்டையை வாங்காமல் விடுவதே நல்லது. பழைய நைலான் பட்டையைக் கடித்துப் பிய்க்கும் குட்டிகள் நீண்ட நூலை விழுங்குவதும் உண்டு. அந்த நூல் குடலைச் சுருக்குப்பை போல இழுத்து மடித்து அறுத்துவிடக்கூடும் என்பதால், பிரிந்த பட்டையைத் தைத்துப் பயன்படுத்துவதைவிட எறிந்துவிடுவது மேல்.

தோல்: எந்த முறையில் பதனிட்டது?

நன்கு பழகிய தோல் பட்டை கழுத்தின் வளைவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், மயிரை அறுக்காது, விளிம்பும் மென்மையாகவே இருக்கும். ஆனால் ‘தோல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. தாவரங்களிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளைக் கொண்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவது ஒரு முறை. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு நெடுங்காலமாகச் செய்யப்பட்டுவந்த இந்த வகைத் தோல், திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பகுதிகளிலிருந்து ‘ஈ.ஐ. தோல்’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குச் சென்றது. குரோமியம் உப்பைக் கொண்டு மிகக் குறைந்த நேரத்தில் பதனிடுவது மற்றொன்று. இன்று உலகில் விற்கும் தோலில் பெரும்பகுதி இதுவே.

குரோமியத் தோல் எல்லாமே தீங்கு என்று சொல்வது சரியன்று. பதனிடப் பயன்படும் மூவிணைதிற குரோமியம் பெரிதும் தீங்கற்றது. பதனிடுதல் செம்மையாக நடக்காதபோது அதில் ஒரு பகுதி ஆறிணைதிற குரோமியமாக மாறுகிறது, தோல் ஒவ்வாமையைத் தூண்டுவது இந்த இரண்டாவது வடிவமே. மனிதத் தோலில் படும் தோல்பொருள்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை அது எட்டக்கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் வரம்பு விதித்துள்ளது. வாங்குபவர் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு: வெட்டிய விளிம்பின் நடுப்பகுதி பழுப்பாக இருந்தால் அது தாவரப் பதனாக இருக்கக்கூடும், நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் குரோமியப் பதன். முழுவதும் சாயம் ஏற்றிய தோலில் இந்த அடையாளம் மறைந்துவிடும்.

தோலின் பலவீனம் மீண்டும் ஈரமே. நனைந்த தோல் ஊறி, காய்ந்ததும் விறைத்து வெடிக்கிறது. மழைக்காலத்தில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம் பூக்கிறது. ஆகவே வீட்டுக்குள் வாழும், குளிக்கும்போது பட்டை கழற்றப்படும் நாய்க்குத் தாவரப் பதன் தோல் மிகச் சிறந்தது; குளத்திலும் கடலிலும் இறங்கும் நாய்க்கு அது ஏற்றதன்று. தோல் போலத் தோற்றமளிக்கும் ரெக்சின் பட்டையை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. அதன் மேற்பூச்சு சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்து, அடியிலுள்ள துணி நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

பூச்சிட்ட பாலியெஸ்டர் பட்டை

பாலியெஸ்டர் நாடாவின் மேல் நெகிழி உறையை எல்லாப் பக்கமும் மூடிப் பொதிந்து செய்யப்படுவது இந்த வகை. ‘பயோதேன்’ என்னும் வணிகப் பெயரால் பலரும் இதை அறிவர். நீர் உள்ளே புகாது, நாற்றம் பிடிக்காது, சோப்பு நீரில் கழுவித் துடைத்தால் அந்த நிமிடமே உலர்ந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களின் ஈரக்காற்றில் நாள்தோறும் பயன்படுத்த இதுவே ஏற்றது என்று தயக்கமின்றிக் கூறலாம். ஒரு குறை மட்டும் உண்டு: நீரை உள்ளே விடாத அந்த உறை காற்றையும் விடாது, இறுக்கமாகக் கட்டினால் நனைந்த மயிரின் ஈரம் வெளியேற வழியின்றி அடியிலேயே தங்கும். ஆகவே கழற்றித் துடைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் இதுவும் புண்ணை உண்டாக்கவே செய்யும்.

பருத்திப் பட்டை மென்மையானது, செயற்கை இழை ஒத்துக்கொள்ளாத நாய்களுக்கு உதவுவது. ஆனால் நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் இரண்டு பட்டைகளை மாற்றி மாற்றி அணிவித்தால் மட்டுமே பயன்.

கொக்கியும் வளையமும் சங்கிலியும்

பட்டை எதனால் ஆயினும் வளையமும், பல பட்டைகளில் கொக்கியும், உலோகமாகவே இருக்கும். நிக்கல் முலாம் பூசிய இரும்பு, முலாம் தேய்ந்ததும் துருப்பிடிக்கும். நிக்கல் சில நாய்களுக்கு ஒவ்வாமையையும் தரும். துருப்பிடிக்காத எஃகும் பித்தளையும் நம்பகமானவை. கடற்கரையில் உலாவும் நாய்க்கு, மாலிப்டினம் கலந்து உப்பைத் தாங்கும் 316 வகை எஃகு சிறந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவான வளையங்கள் திடீரென முறிவதோடு, நாய் அவற்றை விழுங்கினால் வயிற்றின் அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; அது உயிருக்கே ஆபத்து.

இரும்புச் சங்கிலியையே கழுத்தில் நேரடியாகச் சுற்றிக் கட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கண்ணிகளுக்கு இடையில் மயிர் சிக்கி அறுபடுகிறது, வெயிலில் இரும்பு கொதிக்கிறது, எடை முழுவதும் பிடரியில் தொங்குகிறது. கழுத்துக்கு ஆகாத பொருள் என்று ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால் அது சங்கிலிதான்.

இழுக்கும் நாய்க்குப் பொருள் மட்டும் போதாது

கழுத்தின் முன்புறத்தில், தோலுக்குச் சற்று ஆழத்தில், ‘சி’ எழுத்து வடிவக் குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்ட மூச்சுக்குழாய் இருக்கிறது. அதன் இருபுறமும் தைராய்டு சுரப்பியும், தலையிலிருந்து இரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரைகளும் உள்ளன. கழுத்துப்பட்டையில் நாய் இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் உயர்வதையும், மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸில் அவ்வாறு உயராததையும் 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. செயற்கைக் கழுத்து ஒன்றில் பல வகைப் பட்டைகளைப் பொருத்தி அழுத்தத்தை அளந்த இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இழுக்கும்போது காயம் நேராது என்று சொல்லத்தக்க பட்டை எதுவும் தங்கள் சோதனையில் இல்லை என 2020-இல் அறிவித்தனர். அகலமான, உள்ளே மெத்தை வைத்த பட்டை விசையைப் பரப்பிக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆதலால் இழுத்துச் செல்லும் நாய்க்கும், முகம் தட்டையான பக் இனத்துக்கும், மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் இயல்புடைய பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்கும், நடைக்குச் செல்லும்போது கயிற்றை ஹார்னஸில் பூட்டி, கழுத்துப்பட்டையை அடையாள வில்லைக்கு மட்டும் வைத்துக்கொள்வது சரியானது.

நாட்டு இனங்களுக்கும் தனிக் கவனம் தேவை. ராஜபாளையம் நாயின் குட்டை வெள்ளை மயிருக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல் வெளித் தெரியும் அளவுக்கு இருப்பதால், கடின விளிம்பு அங்கே விரைவில் தழும்பாகிறது. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுக்குத் தலை ஒடுங்கியிருப்பதால் சாதாரணப் பட்டை எளிதில் நழுவும். நழுவாதிருக்க அதை இறுக்கிக் கட்டுவதைவிட, நடைக்கு மட்டும் மென்தோலில் அகலமாகச் செய்த பட்டையை அணிவிப்பது நல்லது. எந்த இனமாயினும் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல்கள் தடையின்றி நுழைய வேண்டும். நாள்தோறும் இரவில் பட்டையைக் கழற்றி, அந்த இடத்து மயிரை எதிர்த்திசையில் கோதிப் பார்ப்பது, பட்டைக்கு அடியில் பதுங்கும் உண்ணியையும் சிவப்பையும் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும். உண்ணியை விரட்டும் மருந்துப் பட்டை வேறு வகையானது. டெல்டாமெத்ரின் கலந்த அத்தகைய பட்டை பூனைக்கு நஞ்சு என்பதால், இரண்டும் வளரும் வீட்டில் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

கயிறு கட்டப்பட்ட குட்டிகள்

அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியிலோ கயிற்றிலோ ஒரு விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது, 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆனால் கழுத்தை அறுக்கும் மிகக் கொடிய காயங்கள் பெரும்பாலும் கொடுமையினால் நேர்வதில்லை, அன்பினால் நேர்கின்றன. தெருக் குட்டிக்குச் சிறுவர்கள் ஆசையாகக் கட்டும் நைலான் கயிறும், திருஷ்டி படாதிருக்கக் கட்டும் கறுப்புக் கயிறும் வளர்வதில்லை, குட்டி வளர்கிறது. சில வாரங்களில் கயிறு மயிருக்குள் மறைந்து, தோலை அறுத்து, சதைக்குள் புதைகிறது. புண்ணின் வாடைக்கு வரும் ஈக்கள் இடும் முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்து, அது புழுப்புண்ணாகிறது. வெளியே தெரிவது கழுத்தைச் சுற்றிய ஈரமான கோடும் துர்நாற்றமும் மட்டுமே. அந்த நிலையில் கயிற்றை வீட்டில் பிடுங்கி எடுக்க முயலாமல், மயக்க மருந்து கொடுத்து அகற்றும் வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கயிறு இன்னும் தோலுக்கு வெளியே இருக்கும் குட்டியைத் தெருவில் காண்பவர், கத்தரிக்கோல் ஒன்றை எடுத்துவந்து அதை அன்றைக்கே வெட்டிவிட வேண்டும்.