சாவோ காட்டிற்குப் புறப்படுமுன்

கென்யாவின் சாவோ காட்டிற்கும் இந்தியர்க்கும் உள்ள தொடர்பு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. 1898இல் சாவோ ஆற்றின்மீது இருப்புப்பாதைப் பாலம் அமைத்த தொழிலாளருள் பெரும்பாலோர் இந்தியர். பிடரிமயிரற்ற இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் கூடாரங்களுக்குள் புகுந்து அவர்களுள் பலரைக் கொன்றன. அச்சத்தால் பணியே சில வாரங்கள் நின்றது. டிசம்பரில் பொறியாளர் பேட்டர்சன் அவற்றைச் சுட்டு வீழ்த்திய பின்னரே பாலம் நிறைவுற்றது.

1948இல் தேசியப் பூங்காவான சாவோ, இன்று கிழக்கு, மேற்கு என இரு பூங்காக்களாக விளங்குகிறது. செம்மண்ணில் புரண்டு செந்நிறமேறிய யானைகளைக் காண, மழை குறைந்த ஜூன் முதல் அக்டோபர் வரையிலான காலம் ஏற்றது. மொம்பாசாவிலிருந்து நைரோபி செல்லும் ரயிலின் சன்னல் வழியாகவும் அவற்றைக் காண வாய்ப்புண்டு.

மாரெட்பள்ளியிலிருந்து இப்பயணத்தை மேற்கொள்ள விழையும் வாடிக்கையாளர்கள், பயணச்சீட்டு வாங்குமுன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி எண்ணுதல் வேண்டும். நாராயணகுடாவிலுள்ள தடுப்பு மருத்துவ நிறுவனத்தில் அது இடப்படுகிறது. ஊசி இட்டுக்கொண்ட பத்து நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். பின்னர் அது வாழ்நாள் முழுவதும் போதுமானது. சான்றிதழின்றித் தாயகம் திரும்புவோர் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

அறுபது வயதைக் கடந்தோர்க்கும் முட்டை ஒவ்வாமை உடையோர்க்கும் இத்தடுப்பூசியால் இடர் நேரும் வாய்ப்பு மிகுதி. ஆதலின் மருத்துவரின் கருத்தையும், சுற்றுலா நிறுவனத்தின் ரத்து விதிகளையும் அறிந்த பின்னரே முன்பணம் செலுத்துங்கள். பல்லாண்டுச் சேமிப்பு ஓர் ஊசியின் பொருட்டு வீணாகலாகாது.