பதினைந்து முடிச்சுகளும் ஒரு பதிவேடும்

இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ புற்றுநோய் கண்டவருக்கு ரண சிகிச்சை செய்வது மிகக் கடினமான காரியம். நோய் பற்றிய பகுதியை அறுத்தெடுத்து, எஞ்சியதை இணைத்துத் தைத்து, அந்தத் தையல் கசியாமல் ஆறி, நோயாளி மறுபடியும் வாய்வழியே உணவு கொள்ளும் வரையில் டாக்டருக்கும் நிம்மதியில்லை, வீட்டாருக்கும் நிம்மதியில்லை. இந்தச் சிகிச்சையை ஓர் ஆஸ்பத்திரி செவ்வனே செய்கிறதா என்பதை அதன் கட்டடமோ கீர்த்தியோ சொல்லிவிடாது. அங்கே சிகிச்சை பெற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒருவர் விடாமல் எழுதிவைத்தால்தான் தெரியும்.

நெதர்லாந்து தேசத்தில் 2011இல் அப்படி எழுதத் தொடங்கினார்கள். சென்னையில் 1980களின் தொடக்கம் முதல் நடந்துவரும் பதிவேடு போன்றவை, ஒரு பிரதேசத்து ஜனங்களில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்று கணக்கிடுபவை. நெதர்லாந்தில் இவ்விரு நோய்களுக்கும் ரண சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து எழுதும் பதிவேடோ, சிகிச்சையையே பரிசீலிப்பது. நோயாளியின் வயது, அவருக்கு முன்பே இருந்த வியாதிகள், கட்டி முழுவதும் நீங்கியதா, தையல் கசிந்ததா, மீண்டும் அறுக்க நேர்ந்ததா, உயிர் தங்கியதா என்பதெல்லாம் அதில் ஏறுகின்றன.

அதில் ஏறும் இன்னொரு விவரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரைப்பையைச் சுற்றியுள்ள கொழுப்பினுள் மொச்சையளவும் அதனினும் சிறியவையுமான நிணநீர் முடிச்சுகள் உண்டு. புற்றுநோய் பரவும் முக்கியமான வழி அவைதாம். அறுத்தெடுத்த உறுப்பு பரிசோதனைக்கூடத்துக்கு வந்ததும், நோய்க்குறியியல் டாக்டர் அந்தக் கொழுப்பை விரலால் தடவித் தடவி முடிச்சுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்காடியில் ஆராய்கிறார். சிலவற்றை மட்டும் பார்த்துவிட்டு நோய் பரவவில்லை என்று எழுதினால், பார்க்காத முடிச்சில் அது இருக்கக்கூடும். ஆகவே குறைந்தது 15 முடிச்சுகளாவது ஆராயப்பட வேண்டும் என்பது விதி. விதியை அறியாதவர் யாருமில்லை. ஆயினும் தம் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு அது நிறைவேறியது என்று பதிவேடு எண்ணிக் காட்டிய பிற்பாடுதான், அறுப்பவரும் ஆராய்பவரும் ஒருங்கே கூடுதல் சிரத்தை எடுத்து, 15 முடிச்சுகள் ஆராயப்பட்ட இரைப்பை நோயாளிகளின் விகிதம் அங்கே சில ஆண்டுகளில் உயர்ந்தது. பதிவேட்டின் பிரயோஜனம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஆஸ்பத்திரிகளின் எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அநியாயம். முதியவர்களையும் இருதய நோயுள்ளவர்களையும் தயங்காமல் ஏற்கும் ஆஸ்பத்திரியில் மரணம் சற்று அதிகமாகவே இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழிக்காமல் குற்றம் சாட்டினால், கடினமான நோயாளிகளைத் திருப்பியனுப்பும் பழக்கமே வளரும். ஆண்டுக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையினருக்காவது இச்சிகிச்சையைச் செய்யாத ஆஸ்பத்திரி அதை மேற்கொள்ளலாகாது என்ற நியதியும் அந்நாட்டில் உண்டு. கை பழகாத இடத்தில் நோயாளி பரீட்சைப் பொருளாகிவிடக் கூடாதல்லவா?

கட்டி நீங்குதல், 15 முடிச்சுகள் ஆராயப்படுதல், கடும் சிக்கலின்மை, காலதாமதமின்றி வீடு திரும்புதல், மீண்டும் சேர்க்கப்படாதிருத்தல் ஆகிய அனைத்தும் ஒரே நோயாளிக்கு வாய்த்ததா என்றும் அங்கே கணக்கெடுக்கிறார்கள். ரண சிகிச்சையை மையமாகக் கொண்ட இப்பதிவேட்டில், வீடு திரும்பியவர் பிறகு எதை விழுங்க முடிகிறது, எவ்வளவு உண்கிறார் என்பதற்கு அதிக இடமில்லை; அதை அறிவதற்காக நோயாளிகளுக்கே வினாத்தாள் அனுப்பி விடை பெறும் வேறொரு திட்டமும் அந்நாட்டில் நடைபெறுகிறது.