சூரியக் காற்றும் எக்ஸ் கதிர் வானமும்

நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம் உயிர்களுக்குக் கவசமாகும். அறிவை நாடுவோர்க்கோ அதுவே ஒரு திரையுமாகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் வானொலி அலைகளிற் பெரும்பகுதியையும் அது நிலம்வரை வரவிடுகின்றது. எக்ஸ் கதிர்களை நமக்கு வெகு உயரத்திலேயே விழுங்கிவிடுகின்றது. ஆதலால், மனிதன் இத்திரையைக் கடந்து கருவிகளை அனுப்பக் கற்ற பின்னரே ஞாயிற்றின் மெய்யியல்பும் விண்மீன்களின் மறைந்த வாழ்வும் தெரியலாயின. இவ்விரு துறைகளிலும் 1962ஆம் ஆண்டு ஒரு திருப்பமாக அமைந்தது. இரண்டின் வரலாற்றிலும் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஓர் அறிஞரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முழுச் சூரிய கிரகணத்தின்போது கருவட்டத்தைச் சுற்றி வெண்ணிற ஒளிமுடியொன்று தோன்றும். இதனைக் கொரோனா என்பர். ஞாயிற்றின் ஒளிமேற்பரப்பின் வெப்பநிலை ஏறக்குறைய 5,500 பாகை செல்சியசு. அதற்கு மேலேயுள்ள கொரோனாவின் வெப்பநிலையோ 10 இலட்சம் பாகைக்கும் மேற்பட்டது. அடுப்பிலிருந்து விலக விலக வெப்பம் குறைதலே நாம் கண்ட இயல்பு. இங்கு அது மாறி நிற்கின்றது. இதன் காரணம் இன்னும் முற்றாகத் தெளிவுறவில்லை. எனினும் இவ்வளவு வெப்பமுடைய வாயு எக்ஸ் கதிர்களை வெளியிட வேண்டும் என்பது உறுதி. 1949இல் ஹேர்பேட் பிரீட்மனும் அவர்தம் குழுவினரும் வீ-2 ரொக்கெற்றில் அனுப்பிய கருவிகள் ஞாயிற்றின் எக்ஸ் கதிர்களை அளந்து காட்டின.

மற்றொரு புதிரை வால்வெள்ளிகள் எழுப்பின. அவற்றின் மின்னேற்றம் பெற்ற வாயுவாலானது எப்பொழுதும் ஞாயிற்றுக்கு எதிர்த்திசையிலேயே நீண்டு கிடக்கும். ஒளியின் அமுக்கம் மாத்திரம் இதனைச் செய்யப் போதாது என்றும், ஞாயிற்றிலிருந்து இடையறாது துணிக்கைகள் பாய்ந்து வருதல் வேண்டும் என்றும் 1951இல் ஜேர்மனிய அறிஞர் லுட்விக் பியர்மன் கூறினார். சிட்னி சப்மன் என்னும் ஆங்கில அறிஞரோ, கொரோனா அசைவின்றிப் பூமிக்கு அப்பாலும் பரந்து நிற்பதாகக் கணித்தார். நிலையாக நிற்கும் வாயுவினூடே துணிக்கைப் பெருக்கு எவ்வாறு பாயும்? இரு கூற்றுகளும் ஒருங்கே பொருந்தமாட்டா.

இம்முரண்பாட்டைத் தீர்த்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து இயூஜீன் பாக்கர். கொரோனா அசையாது நிற்குமாயின், வெகு தொலைவிலும் அதன் அமுக்கம் பெரிதாகவே இருத்தல் வேண்டும். அதனைத் தடுத்து நிறுத்தும் எதிரமுக்கம் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் இல்லை. ஆகவே கொரோனா விரிந்தோடியே தீரும். ஞாயிற்றின் அருகே மெதுவாகப் புறப்படும் அவ்வோட்டம், ஈர்ப்பின் பிடி தளரத் தளர விரைவு கூடி, ஒலியின் வேகத்தைக் கடந்து செக்கனுக்குப் பல நூறு கிலோமீற்றர் வேகத்தை எய்தும். பியர்மனின் துணிக்கைப் பெருக்கும் சப்மனின் கொரோனாவும் ஒரே பொருளின் இரு தோற்றங்களேயாம். இவ்வோட்டத்திற்குப் பாக்கர் இட்ட பெயரே சூரியக் காற்று.

அவர் தமது கட்டுரையை அமெரிக்காவின் வானியற் பௌதிகச் சஞ்சிகைக்கு அனுப்பினார். அதனை ஆராய்ந்த மதிப்பீட்டாளர் இருவரும் ஏற்கத்தகாதது என எழுதினர். அச்சஞ்சிகையின் ஆசிரியராக அப்பொழுது இருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இலாகூரிற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, சிக்காகோவில் பேராசிரியராக விளங்கியவர். பாக்கரின் முடிவு அவருக்கும் உடன்பாடன்று. ஆயினும் மதிப்பீட்டாளர் எவரும் கணிதத்திற் பிழையொன்றைச் சுட்டவில்லை; தாமும் பிழை காணவில்லை. ஆகவே தமது விருப்பு வெறுப்பை ஒதுக்கிவிட்டு 1958இல் கட்டுரையை வெளியிட்டார். தாம் ஒப்பாத கருத்தையும், நெறிப்படி அமைந்துள்ளதாயின், அறிஞர் அவைக்குக் கொண்டுவருதல் ஆசிரியன் கடன் என்பதனை இச்செயல் காட்டுகின்றது.

தீர்ப்பு விண்வெளியிலிருந்தே வந்தது. 1959இல் சோவியத்து நாட்டின் லூனா-2 மின்துணிக்கைப் பெருக்கை உணர்ந்தது. 1962 ஓகத்து 27இல் அமெரிக்கா வெள்ளிக் கிரகத்தை நோக்கி ஏவிய மரினர்-2, செல்லும் வழியெங்கும் அக்காற்று இடையறாது வீசுவதை மாதக்கணக்காக அளந்தது. அதன் சராசரி வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பெரும்பாலும் புரோத்தன்களும் இலத்திரன்களுமாகிய இக்காற்று, ஞாயிற்றின் காந்தப்புலத்தையும் உடன் இழுத்துச் செல்கின்றது.

அதே ஆண்டு யூன் 18ஆம் நாளிரவு, நியூ மெக்சிக்கோவிலிருந்து சிறு ரொக்கெற்றொன்று எழுந்தது. சந்திரனின் மேற்பரப்பில் ஞாயிற்றின் எக்ஸ் கதிர்கள் பட்டு எழும் கதிர்களைக் காண்பதே ரிக்காடோ ஜியாக்கோனி குழுவினரின் கருத்து. வளிமண்டலத் திரைக்கு மேலே கருவிகளுக்குக் கிடைத்த நேரம் ஏறக்குறைய ஆறு நிமிடமே. அதற்குள் அவை கண்டது சந்திரனையன்று. விருச்சிக இராசியின் பக்கமிருந்து வந்த வலிமைமிக்க எக்ஸ் கதிர் ஊற்றொன்றினை. விருச்சிகம் எக்ஸ்-1 எனப்பட்ட அது, ஞாயிறு எல்லா வகையாலும் வெளியிடும் ஆற்றலைப்போற் பல்லாயிரம் மடங்கினை எக்ஸ் கதிர்களாகவே சொரிகின்றது.

இவ்வாற்றல் எவ்வாறு பிறக்கின்றது? அங்கே மிகச் செறிந்த நியூத்திரன் விண்மீனொன்று தன் துணை விண்மீனின் வாயுவை ஈர்க்கின்றது. கொடிய ஈர்ப்பினால் விழும் வாயு கோடிக்கணக்கான பாகைக்குச் சூடேறி எக்ஸ் கதிர் வீசுகின்றது. இத்தகைய செறிந்த உடல்களைப் பற்றிய சிந்தனைக்கு வழிவகுத்தவரும் சந்திரசேகரே. 1930இல், பத்தொன்பது வயதினராய்க் கப்பலில் இங்கிலாந்து செல்லும்போதே, வெண்குறுமீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டென அவர் கணித்தார். ஞாயிற்றின் திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கே அவ்வெல்லை. 1935இல் இலண்டன் வானியற் கழகத்தில், பெரும்புகழ் படைத்த எடிங்டன் அம்முடிவை எள்ளி மறுத்தார். அன்றும் கணிதத்திற் பிழை காட்டப்படவில்லை. அதற்கு நோபல் பரிசு வந்ததோ 1983இல்.

1970 திசெம்பர் 12இல், கெனியாவின் விடுதலை நாளன்று, அந்நாட்டுக் கடற்கரையை அடுத்த மேடையிலிருந்து உகுரு என்னும் செய்மதி ஏவப்பட்டது. சுவாகிலி மொழியில் அப்பெயருக்கு விடுதலை என்பது பொருள். அது 339 எக்ஸ் கதிர் ஊற்றுகளை நிரற்படுத்தியது. 1999இல் ஏவப்பட்ட பெரிய எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிக்குச் சந்திரா என்று பெயர் சூட்டினர். ஜியாக்கோனி 2002இல் நோபல் பரிசு பெற்றார். பாக்கரின் பெயர் தாங்கிய விண்கலம் 2018 ஓகத்து 12இல் ஏவப்பட்டபோது, தொண்ணூற்றொரு வயதினராகிய அவர் அதனை நேரிற் கண்டார். அது 2021இல் கொரோனாவினுள்ளே புகுந்தது. 2024 திசெம்பர் 24இல் ஞாயிற்றின் மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 61 இலட்சம் கிலோமீற்றர் தொலைவை அணுகியது.

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கல்வியன்று. 1989 மார்ச்சில் ஞாயிற்றிலிருந்து எழுந்த புயலொன்று பூமியின் காந்தப்புலத்தைக் குலைத்தமையால், கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருண்டது. 2023இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் அமைந்து, இக்காற்றினையும் ஞாயிற்றின் எக்ஸ் கதிர்களையும் ஒருங்கே அளக்கும் கருவிகளைக் கொண்டது.

1935இல் புகழின் சொல் கணிதத்தை அமுக்கியது. 1958இல் கணிதத்தின்முன் ஆசிரியரின் சொந்த எண்ணமே வழிவிட்டது. மாணவர் எழுப்பும் வினா நமக்கு உவப்பில்லாததாயினும், பிழையைக் காட்ட இயலாதவரை அதனை அடக்காதிருப்போமாக. இத்தகைய வினாவொன்றிற்குத்தான் விண்வெளி பின்னர் விடை கூறியது.